மார்பக ஆபரேஷன் முடிந்து ட்ரெயின் குழாயோடு வீட்டுக்கு வருபவர்களுக்கு

மார்பகத்தை நீக்கும் ஆபரேஷன் முடிந்து சில நாட்களிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். காயம் ஆறிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. மீதி வேலையை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் காரணம். அந்த மீதி வேலையில் பெரும்பங்கு, காயத்தில் கசியும் நீரை வெளியேற்ற விலாப் பக்கத்தில் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் ட்ரெயின் குழாய். தையலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இந்தக் குழாய்தான் தூங்கவிடவில்லை என்று சொல்லும் பெண்கள் ஏராளம்.

மார்பகத்தையும் அக்குள் நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகளையும்) எடுத்த இடத்தில் தோலுக்கு அடியில் வெற்றிடம் உண்டாகிறது. அங்கே நிணநீரும் இரத்தமும் கசிந்து தேங்கும். தேங்கினால் தோல் கீழே ஒட்டாது, சீழ் பிடிக்கவும் வழியாகும். குழாயின் மறுமுனையில் இருக்கும் டப்பா அதை உறிஞ்சி எடுக்கிறது. ஆகவே வீட்டில் உங்கள் வேலை மூன்று: குழாய் இழுபடாமல் இருக்க வேண்டும், உறிஞ்சல் நிற்காமல் இருக்க வேண்டும், எவ்வளவு வந்தது என்று எழுதி வைக்க வேண்டும்.

உங்கள் சர்ஜன் இதற்கு மாறாக ஏதாவது சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள். மார்பகத்தைத் திரும்ப உருவாக்கும் ஆபரேஷனும் சேர்த்துச் செய்துகொண்டவர்களுக்குக் கை அசைவு, படுக்கும் விதம் இரண்டிலும் விதிகள் மாறும்.

1. வார்டைவிட்டுக் கிளம்பும் முன்

டப்பாவைக் காலி செய்வதை நர்ஸ் செய்து காட்டினால் போதாது. வீட்டில் யார் செய்யப்போகிறாரோ அவர் நர்ஸின் கண்முன் ஒருமுறையாவது தன் கையால் செய்துவிட வேண்டும். டிஸ்சார்ஜ் நாளின் அவசரத்தில் விட்டுப்போவது இதுதான். முந்தைய நாளே கேட்டுவிடுங்கள்.

கூடவே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை: எத்தனை குழாய், எது மார்புப் பக்கம், எது அக்குள் பக்கம். ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டி 1, 2 என்று எழுதச் சொல்லுங்கள். சில சமயம் இரண்டு குழாயையும் ஒரு இணைப்பில் சேர்த்து ஒரே டப்பாவில் விட்டிருப்பார்கள். அப்போது தனித்தனியாக அளக்க முடியாது, மொத்தத்தைத்தான் எழுத வேண்டும். குழாயை நீவிவிடலாமா, டிரெஸ்ஸிங்கை யார் மாற்றுவது, எத்தனை மி.லி. வந்தால் எடுப்பார்கள், இரவில் பிரச்சினை என்றால் எந்த நம்பருக்குப் பேசுவது என்பதையும் கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆபரேஷனின் பெயர், தேதி, எந்தப் பக்கம், ட்ரெயின் எத்தனை, அடுத்த ஓ.பி. தேதி எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். இடது வலது மாறி அச்சாகியிருந்தால் பிறகு காப்பீட்டு அலுவலகம் வரை அலைய நேரும்.

2. வாங்கி வைக்க வேண்டியவை

மருந்துக்கடையில்: ஸ்டெரைல் காஸ் பாக்கெட்டுகள், ஒட்டுவதற்கு மைக்ரோபோர் பிளாஸ்டர், ஸ்பிரிட் பஞ்சு, டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஊசி இல்லாத 20 அல்லது 50 மி.லி. சிரிஞ்சு ஒன்று. 100 மி.லி. வரை கோடு போட்ட குவளை ஒன்றும் வேண்டும். தெர்மாமீட்டரைத் தவிர மற்றவை மலிவுதான். டிரெஸ்ஸிங்கைத் தனியார் கிளினிக்கில் மாற்றினால் ஒவ்வொரு தடவையும் கட்டணம் கேட்பார்கள். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டினால் இலவசமாகவே மாற்றிவிடுவார்கள்.

வீட்டில்: முன்பக்கம் பட்டனோ ஜிப்போ வைத்த நைட்டி நான்கு. தலைவழியாகப் போடும் உடை எதுவும் இப்போது ஆகாது. வீட்டு ஆண்களின் பழைய பருத்திச் சட்டை மிகவும் வசதி. தலையணை சிறிதும் பெரிதுமாக நான்கைந்து. டப்பாவை வைக்கத் துணிப் பை.

அந்தப் பையைக் கடையில் தேட வேண்டாம். டப்பா உள்ளே போகும் அளவுக்கு ஒரு பருத்திப் பை தைத்து, இரண்டு ஓரத்திலும் நீளமான நாடா வைத்துவிட்டால் போதும். ஆபரேஷன் செய்யாத பக்கத் தோளில் குறுக்காக மாட்டிக்கொள்ளலாம், இடுப்பிலும் கட்டலாம். இரண்டு பை தைத்து வைத்தால் ஒன்றைத் துவைத்துக் காயவைக்க வசதி.

3. குழாயை இழுபடாமல் கட்டுவது

வலிக்கு முக்கியக் காரணம் இழுபடுதல். குழாயைத் தோலோடு ஒரே ஒரு தையல்தான் பிடித்திருக்கிறது. டப்பா தொங்கும்போது அதன் எடை முழுவதும் அந்தத் தையலில் விழுகிறது. நடக்கும் ஒவ்வொரு எட்டிலும் சுருக்கென்று குத்துவது அதனால்தான்.

குழாய் தோலைவிட்டு வெளியே வரும் இடத்திலிருந்து நாலு விரல் தள்ளி, குழாயில் ஒரு சிறு வளையம் விட்டு, மைக்ரோபோரால் தோலில் ஒட்டுங்கள். எங்கேயாவது மாட்டி இழுத்தால் முதலில் அந்த வளையம் நீளும், தையலுக்கு இழுப்பு போகாது. ஒட்டும் இடத்தைத் தினமும் கொஞ்சம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் தோல் உரியும். வளையம் மடிந்து குழாய் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டப்பா எப்போதும் காயத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். படுக்கும்போது தலைமாட்டில் வைக்காதீர்கள், இடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். ஊக்குப் போடுவதானால் பையின் துணியிலோ டப்பாவின் பட்டையிலோ போடுங்கள். குழாய்க்கு அருகில் கொண்டுபோகவே வேண்டாம். ஊக்கு குத்திய சின்ன ஓட்டை போதும், காற்று புகுந்து உறிஞ்சல் நின்றுவிடும்.

கழிப்பறைக்குப் போகும்போதும், கட்டிலைவிட்டு எழும்போதும், கதவுக் கைப்பிடியைக் கடக்கும்போதும்தான் குழாய் அதிகம் மாட்டுகிறது. எழுந்திருக்கும் முன் டப்பா எங்கே இருக்கிறது என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு எழுங்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் குழாய் நைட்டிக்கு உள்ளேயே இருக்கட்டும்.

4. டப்பாவைக் காலி செய்வது

தினமும் இரண்டு வேளை, ஒரே நேரத்தில். காலை 7, மாலை 7 என்று வைத்துக்கொண்டால் 24 மணி நேரக் கணக்குக் குழம்பாது. நடுவில் டப்பா பாதி நிரம்பிவிட்டால் அப்போதே காலி செய்யுங்கள். நிரம்ப நிரம்ப உறிஞ்சும் வேகம் குறையும். நம் ஊர் மருத்துவமனைகளில் அதிகம் காணப்படுவது துருத்தி போல் மடிந்து விரியும் ரோமோவேக் வகை டப்பா. அதற்கான வரிசை இது:

கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். குழாயில் இருக்கும் கிளாம்பை, அதாவது குழாயை அமுக்கி அடைக்கும் கிளிப்பை, மூடுங்கள். பிறகுதான் டப்பாவின் மூடியைத் திறக்க வேண்டும். கிளாம்பை மூடாமல் திறந்தால் காற்றும் நீரும் காயத்தை நோக்கித் திரும்பிப் போகலாம். திரவத்தைக் குவளையில் ஊற்றுங்கள். டப்பாவின் வாயில் விரல் படக் கூடாது, குவளையின் விளிம்பும் படக் கூடாது. ஸ்பிரிட் பஞ்சால் வாயைத் துடையுங்கள். டப்பாவை மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் கடைசிவரை அழுத்தித் தட்டையாக்குங்கள். அழுத்திய கையை எடுக்காமல் மறுகையால் மூடியை மூடுங்கள். கடைசியாகக் கிளாம்பைத் திறந்துவிடுங்கள்.

கிளாம்பைத் திறக்க மறப்பதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. டப்பா தட்டையாக, பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் ஒரு சொட்டும் வராது. அன்று இரவு மார்பில் நீர் கட்டி வீங்கும். அதனால் எல்லாம் முடிந்து பத்து நிமிடம் கழித்து ஒருமுறை போய்ப் பாருங்கள். குழாயில் திரவம் நகர்கிறதா, டப்பா இன்னும் அமுங்கியே இருக்கிறதா என்று கவனியுங்கள்.

கிளாம்பைத் திறந்தவுடன் மார்புக்குள் லேசாக இழுப்பது போலத் தெரிவது இயல்பு. டப்பாவின் ஸ்பிரிங் கடினமானது. ஆபரேஷன் ஆன பக்கக் கையால் அதை அழுத்த வேண்டாம், வீட்டிலிருப்பவர் அழுத்தட்டும். உருண்டையான பல்பு வகை என்றால் கைக்குள் பிழிந்து, பிழிந்த நிலையிலேயே மூட வேண்டும். மற்றபடி வரிசை அதேதான்.

அளந்த பிறகு திரவத்தைக் கழிப்பறையில் ஊற்றித் தண்ணீர் விடுங்கள். உதவுபவர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

5. அடைப்பை நீவி விடுவது

குழாய்க்குள் நூல் நூலாக, ஜவ்வு போல வெள்ளையாகவோ சிவப்பாகவோ வருவது இரத்தம் உறைந்த துணுக்குகள். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவை குழாயை அடைக்கும். டாக்டர் நீவச் சொல்லியிருந்தால், காலி செய்யும் முன் இப்படிச் செய்யுங்கள்: தோலுக்கு அருகே குழாயை ஒரு கை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கை அசையவே கூடாது, தையலைக் காப்பது அதுதான். மறுகையில் ஸ்பிரிட் பஞ்சை மடித்து, அதற்குள் குழாயைப் பிடித்து அழுத்தியபடி டப்பாவை நோக்கி வழுக்கிக்கொண்டு போங்கள். ஒரு சாண் போனதும் மேல் கையை அந்த இடத்துக்கு நகர்த்திவிட்டுத் தொடருங்கள். டப்பாவிலிருந்து உடம்பை நோக்கி ஒருபோதும் நீவாதீர்கள்.

குழாயைச் சுற்றித் தோல் ஓட்டையில் ஈரம் கசிந்து டிரெஸ்ஸிங் நனைகிறதென்றால் பெரும்பாலும் உள்ளே அடைப்பு இருக்கிறது. நீவியும் சரியாகாவிட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

6. கணக்கு நோட்டு

ஒரு சின்ன நோட்டில் தேதி, நேரம், குழாய் 1, குழாய் 2, நிறம், காய்ச்சல் என்று கட்டம் போடுங்கள். ‘காலை 7 மணி, முதல் குழாய் 25, இரண்டாம் குழாய் 60, வெளிர் சிவப்பு, 98.4’ என்கிற அளவுக்குப் போதும். இரவில் இரண்டு வேளையையும் கூட்டி நாள் மொத்தத்தை எழுதுங்கள்.

டப்பாவின்மேல் அச்சிட்டிருக்கும் கோட்டைப் பார்த்து எழுத வேண்டாம். அமுங்கிய டப்பாவில் அந்தக் கோடு சரியான அளவைக் காட்டாது. குவளையில் ஊற்றித்தான் அளக்க வேண்டும். கடைசி நாட்களில் அளவு குறைந்ததும் சிரிஞ்சில் உறிஞ்சி அளவெடுங்கள். அந்தக் கட்டத்தில் 28-க்கும் 38-க்கும் உள்ள வித்தியாசம்தான் குழாயை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும்.

முதல் சில நாட்களில் ஒரு நாளைக்கு நூறு மி.லி.க்கு மேல் வருவது சகஜம். நிறம் சிவப்பிலிருந்து வெளிர் சிவப்பாகி, பிறகு வைக்கோல் மஞ்சளாகும். 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் குறைவாக, தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் எடுக்கலாம் என்பது பல சர்ஜன்கள் வைத்திருக்கும் அளவு. சிலர் 20 என்பார்கள். பெரும்பாலும் இதற்கு ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகிறது. மார்புப் பக்கக் குழாய் முன்னதாகவும், அக்குள் குழாய் சில நாள் பின்னதாகவும் வெளியே வருவது வழக்கம். பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்கு ஏழாம் நாளே எடுத்துவிட்டார்களே என்று ஒப்பிட வேண்டாம். எடுத்த நெறிகளின் எண்ணிக்கை, உடல்வாகு எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு.

நேற்று 80, இன்று 10 என்று திடீரெனச் சரிந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். டப்பா விரிந்து கிடக்கிறதா, கிளாம்ப் மூடியிருக்கிறதா, குழாய் மடிந்திருக்கிறதா, மார்பில் வீக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உறிஞ்சல் போனதால் குறைந்த எண்ணை நம்பிக் குழாயை எடுத்துவிட்டால், உள்ளே நீர் கட்டி, பிறகு வாரக்கணக்கில் ஊசி போட்டு எடுக்க அலைய நேரும். டப்பா அழுத்தி மூடியும் சில நிமிடங்களில் தானே விரிந்துவிடுகிறதென்றால் எங்கோ காற்று புகுகிறது. மூடி, இணைப்பு, குழாயின் ஓட்டைகள் என்று வரிசையாகப் பாருங்கள். குழாயின் பக்க ஓட்டை தோலுக்கு வெளியே தெரிந்தால் குழாய் நழுவியிருக்கிறது என்று பொருள். மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குறைந்துகொண்டே வந்த அளவு மறுபடி ஏறினால் முந்தைய நாள் என்ன வேலை செய்தீர்கள் என்று யோசியுங்கள். துணி பிழிந்ததும் வீடு பெருக்கியதும் நோட்டில் அப்படியே தெரியும்.

தண்ணீர் குறைவாகக் குடித்தால் ட்ரெயினில் குறைவாக வரும் என்று சொல்வார்கள். அது உண்மையில்லை. முட்டை, மீன், பருப்பு சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்பதும் அப்படித்தான். காயம் ஆறப் புரதம் வேண்டும். பத்தியம் என்று ரசம் சாதத்தோடு நிறுத்தினால் ஆறுவதுதான் தள்ளிப்போகும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் மட்டும் இரத்தச் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ள இரு மடங்கு கவனம் எடுக்க வேண்டும்.

7. வலி, தூக்கம், குளியல்

வலி வந்த பிறகு மாத்திரை தேடாமல், எழுதிக் கொடுத்த நேரத்துக்கு முதல் சில நாள் போட்டுக்கொள்ளுங்கள். பாரசிட்டமால் ஒரு நாளில் எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரையிலும் அது இருக்கும், சேர்த்துக் கணக்கிடுங்கள். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவற்றை டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். டிரமடால் கொடுத்திருந்தால் மலச்சிக்கல் வரும். அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

அக்குளும் மேல்கையின் உள்பக்கமும் மரத்திருக்கும், சில நேரம் மின்சாரம் பாய்ந்தது போல் சுரீர் என்னும். அந்தப் பகுதி நரம்பு தொடப்பட்டதால் வருவது அது. மரத்த இடத்தில் வெந்நீர் ஒத்தடமோ ஐஸ்கட்டியோ வைக்காதீர்கள். சுடுவதே தெரியாமல் கொப்புளம் போட்டுவிடும். அடுப்படியில் குக்கர் ஓரம் படுவதும் இப்படித்தான் தெரியாமல் போகும்.

மல்லாந்து படுப்பதோ, முதுகுக்குத் தலையணை அடுக்கிப் பாதி சாய்ந்து படுப்பதோ நல்லது. ஆபரேஷன் ஆன பக்கக் கைக்குக் கீழே ஒரு தலையணை வையுங்கள். முழங்கை உடம்பைவிட்டுக் கொஞ்சம் விலகியிருந்தால் அக்குள் குழாய் நசுங்காது, இரவு வலி கணிசமாகக் குறையும்.

குழாய் இருக்கும்வரை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். குழாய் வாயில் மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம்.

பயணம் போக வேண்டியிருந்தால் டூவீலரைத் தவிருங்கள். பேருந்தில் ஆபரேஷன் ஆன பக்கம் ஜன்னலை ஒட்டி வரும்படி உட்கார்ந்தால் அடுத்தவர் முழங்கை இடிக்காது. காரில் சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவே சின்னத் தலையணை வையுங்கள்.

8. கையை அசைப்பது

குழாய் இருக்கிறது என்று பயந்து கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். ரேடியேஷன் தேவைப்பட்டால் கையைத் தலைக்கு மேல் தூக்கி அசையாமல் படுத்திருக்க வேண்டும். அப்போது தூக்க முடியாமல் சிகிச்சையே தள்ளிப்போகும்.

மறுநாளிலிருந்தே விரல்களை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தோளைப் பின்னோக்கிச் சுழற்றுவது, மூச்சை ஆழமாக இழுத்து விடுவது எல்லாம் செய்யலாம். தலை சீவவும் சாப்பிடவும் அந்தக் கையையே பயன்படுத்துங்கள். குழாய் இருக்கும்வரை பொதுவாகத் தோள் மட்டத்துக்கு மேல் தூக்க வேண்டாம் என்பார்கள். தண்ணீர்க் குடம், கிரைண்டர் கல், கேஸ் சிலிண்டர், இடுப்பில் குழந்தை, கொடியில் துணி உலர்த்துவது எதுவும் இப்போது வேண்டாம்.

குழாய் எடுத்த பிறகு, டாக்டர் சம்மதித்ததும், சுவரில் விரலால் ஏறும் பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று, விரல்களை மெல்ல மேலே நகர்த்தி, இழுப்பது தெரியும் இடத்தில் நிறுத்தி, அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். அந்தக் கோடு நாளுக்கு நாள் மேலே போக வேண்டும். அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு போல இறுகித் தெரிந்தால் அதற்கும் பயிற்சி உண்டு, பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வந்து தரப்படுகிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

9. காத்திருக்காமல் போக வேண்டிய நேரங்கள்

சில மணி நேரத்துக்குள் பளிச்சென்ற இரத்தமாக டப்பா நிரம்புவது, மார்பு திடீரென இறுகி வீங்குவது, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொடுவது. குழாயைச் சுற்றிச் சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது. திரவம் கலங்கி நாற்றமடிப்பது. இதில் எது வந்தாலும் அடுத்த ஓ.பி. தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

குழாய் முழுதாக வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே தள்ளக் கூடாது. ஸ்டெரைல் காஸை மடித்து வைத்து அழுத்தி ஒட்டிவிட்டு, வந்த குழாயையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். முழு நீளமும் வந்துவிட்டதா என்று அவர்கள் பார்க்க வேண்டும்.

10. குழாய் எடுக்கும் நாள்

ஓ.பி.யிலேயே எடுத்துவிடுவார்கள், மயக்க மருந்து தேவையில்லை. முக்கால் மணி நேரம் முன்னதாக வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தையலை வெட்டி, மூச்சை இழுத்து விடச் சொல்லி, விடும்போது இழுப்பார்கள். சில விநாடிகள் எரிச்சலோடு இழுபடும், அவ்வளவுதான். ஓட்டைக்குத் தையல் போட மாட்டார்கள், தானே மூடிக்கொள்ளும். ஓரிரு நாள் கசியும், ஆகவே கட்டு மாற்ற காஸ் மீதம் வைத்திருங்கள்.

எடுத்த பிறகு சில பெண்களுக்கு மார்பிலோ அக்குளிலோ தண்ணீர்ப் பை போல நீர் கட்டும். தொட்டால் தளும்பும். சிறியது தானே வற்றும். பெரியதாகி இறுகினால் ஓ.பி.யில் சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பார்கள். இடம் மரத்திருப்பதால் வலி அதிகம் தெரியாது. இரண்டு மூன்று தடவை எடுக்க வேண்டி வரலாம். வீட்டில் யாரும் அழுத்திப் பிழிந்து பார்க்க வேண்டாம்.

உள்ளாடைக்குள் மென்மையான பஞ்சோ துணியோ வைத்துக்கொள்ள இனி டாக்டரிடம் கேட்கலாம். எடையுள்ள சிலிக்கோன் செயற்கை மார்பகம் வைக்கக் காயம் முழுதாக ஆற வேண்டும். ஆறு எட்டு வாரம் பொறுங்கள்.

11. பணமும் காகிதமும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ட்ரெயின் எடுப்பதும் பின்தொடர் டிரெஸ்ஸிங்கும் அதில் அடங்குமா என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டுவிடுங்கள். தனியார் பாலிசிகளில் டிஸ்சார்ஜுக்குப் பின் ஆகும் செலவுக்கும் குறிப்பிட்ட நாள் வரை பணம் திரும்பக் கிடைக்கும். ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் அது 60 நாள். காஸ் வாங்கிய பில்லிலிருந்து ஓ.பி. கட்டணம் வரை எல்லாவற்றிலும் நோயாளியின் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். மருந்துச் சீட்டு இல்லாத பில்லை நிராகரிப்பார்கள்.

ட்ரெயின் கவலையில் பலர் மறந்துவிடும் ஒன்று பயாப்சி ரிசல்ட். எடுத்த கட்டியையும் நெறிகளையும் சோதித்த முழு அறிக்கை வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதில் ஈ.ஆர்., பி.ஆர். (கட்டியில் ஹார்மோன் ஏற்பிகள் உண்டா என்ற சோதனைகள்), ஹெர்-2 (ஒரு புரதத்துக்கான சோதனை) மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் முன்பு செய்த ஊசி பயாப்சி அறிக்கையில் இருக்கும், அதையும் சேர்த்து வையுங்கள். கீமோவா, ரேடியேஷனா, ஹார்மோன் மாத்திரையா என்பதை முடிவு செய்வது இந்தத் தாள்தான். வேறு மருத்துவமனையில் இரண்டாம் கருத்துக் கேட்பதானால் ஸ்லைடும் (கட்டியின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடித் தகடு) பிளாக்கும் (மெழுகில் பதித்த கட்டித் துண்டு) தேவைப்படும். எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், ஒரே நாளில் கிடைக்காமலும் போகலாம். குழாய் எடுக்கப் போகும் அன்றே ரிசல்ட் வந்துவிட்டதா என்று லேபில் கேட்டு, நகல் எடுத்துக் கணக்கு நோட்டோடு ஒரே ஃபைலில் போட்டு வைத்துவிடுங்கள்.